காலையில் மேற்கே, மாலையில் கிழக்கே: மதுரை – போடி ரயில் யாருக்காக ஓடுகிறது?

பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995இன் 11ஆம் விதியைச் சட்டம் பயின்றவர்கள்கூட அதிகம் புரட்டிப் பார்ப்பதில்லை. வன்கொடுமைக்கு ஆளானவர், அவரைச் சார்ந்தோர், சாட்சிகள் ஆகியோர் விசாரணைக்கு வந்து திரும்பும் பயணச் செலவை அரசு ஏற்க வேண்டும் என்பது அவ்விதி. அதில் முதலில் குறிப்பிடப்படுவது இரண்டாம் வகுப்பு ரயில் கட்டணம். பேருந்தும் வாடகை வண்டியும் அதற்குப் பிறகே வருகின்றன. ஏழை நீதிமன்றத்துக்கு ரயிலில் வருவார் என்பது விதியை எழுதியவர்களின் எண்ணமாக இருந்திருக்கிறது.

மதுரையில் வன்கொடுமை வழக்குகளுக்கான தனி நீதிமன்றம் இருக்கிறது. மாவட்டத்தின் மேற்குப் பகுதியான உசிலம்பட்டி, செக்கானூரணி வட்டாரங்களிலிருந்து அங்கு வர வேண்டிய சாட்சிக்கு 11ஆம் விதி சொல்லும் அந்த ரயில் 2010 டிசம்பர் 31உடன் நின்றுபோயிற்று. மதுரை – போடிநாயக்கனூர் மீட்டர் கேஜ் பாதை, அகலப் பாதையாக மாற்றப்படுவதற்காக அன்று மூடப்பட்டது. மீண்டும் உசிலம்பட்டியில் பயணிகள் ரயில் நின்றது 2022 மே 27இல். இடையே பதினொரு ஆண்டுகளும் ஐந்து மாதங்களும் போயின. போடிக்கு ரயில் வர 2023 ஜூன் 15 ஆயிற்று.

மதுரையின் மேம்பாடு பற்றி எழுதுவோர் இந்தக் காலதாமதத்தைத் திட்ட மேலாண்மைக் குறைபாடு என்று ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எங்களுக்கு அது போதுமானதாகத் தோன்றவில்லை. ஒரு பாதை எத்தனை ஆண்டு மூடிக் கிடக்கலாம், திறந்தபின் எந்த நேரத்துக்கு வண்டி புறப்பட வேண்டும் என்பவற்றை முடிவு செய்யும்போது யாருடைய வேலை நேரம் கணக்கில் கொள்ளப்படுகிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

பாதையின் வரலாறு சுருக்கமானது. 1928இல் திறக்கப்பட்டது, போடியிலிருந்து மலையேறும் ஏலக்காய், தேயிலை வணிகமே அதன் பொருளாதாரம். ஏலத் தோட்டங்களில் கூலி வேலைக்கு மலையேறிய மக்களை மனத்தில் வைத்து அது போடப்படவில்லை. அவர்கள் பெட்டியில் ஓரிடம் பிடித்துக்கொண்டார்கள், அவ்வளவே. இரண்டாம் உலகப் போரின்போது தண்டவாளம் பெயர்த்தெடுக்கப்பட்டு, 1950களில் மறுபடி போடப்பட்டது. ஒரே அகலப் பாதைத் திட்டம் 1992இல் அறிவிக்கப்பட்ட பின்னும் இந்தத் தொண்ணூறு கிலோமீட்டருக்கு முறை வரப் பதினெட்டு ஆண்டுகள் பிடித்தன. மூடியபிறகு பணி எப்படி நடந்தது என்பதைப் பாதுகாப்பு ஆய்வுகளின் காலவரிசையே காட்டும். மதுரை – உசிலம்பட்டி 37 கி.மீ. 2020 ஜனவரியிலும், உசிலம்பட்டி – ஆண்டிபட்டி 21 கி.மீ. அவ்வாண்டு டிசம்பரிலும், ஆண்டிபட்டி – தேனி 17 கி.மீ. 2022 மார்ச்சிலும், தேனி – போடி 15 கி.மீ. 2022 டிசம்பரிலும் சோதிக்கப்பட்டன.

ஆண்டிபட்டிக் கணவாயில் பாறை உடைக்க வேண்டியிருந்தது, அது எளிய வேலையன்று என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் மதுரை – உசிலம்பட்டி சமவெளி. ஏற்கெனவே ரயில் ஓடிய தடம், ரயில்வேக்குச் சொந்தமான நிலம். அதற்கு ஒன்பது ஆண்டுகள் ஆயின. அது சோதிக்கப்பட்ட பின்னும் இரண்டு ஆண்டுகள் நான்கு மாதங்கள் அதன்மேல் பயணிகள் வண்டி ஓடவில்லை. பெருந்தொற்றுக் காலத்தை அதிலிருந்து கழித்துக்கொள்ளலாம். நாடெங்கும் ரயில்கள் திரும்பி ஓடத் தொடங்கிய மாதங்களை எப்படிக் கழிப்பது? தேனி வரை முடியட்டும், திறப்பு விழாவை ஒன்றாக நடத்தலாம் என்ற காத்திருப்பாகவே அது எங்களுக்குத் தெரிகிறது. விழா 2022 மே 26இல் சென்னையில் நடந்தது, பிரதமர் தொடங்கிவைத்தார். ஐந்நூறு கோடி ரூபாய்க்கு மேற்பட்ட திட்டம் என்று அரசு அறிவித்தது.

இதைச் சென்னையின் ஒரு தாமதத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பயன்தரும். பறக்கும் ரயிலை வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு நீட்டிக்கும் ஐந்து கிலோமீட்டர் வேலை 2008இல் தொடங்கியது. கடைசி அரை கிலோமீட்டர் அளவு நிலத்துக்கு உரியவர்கள் இழப்பீடு போதாதென்று நீதிமன்றம் சென்றதால் அது பல ஆண்டுகள் அந்தரத்தில் நின்றது. அவர்கள் நீதிமன்றம் சென்றது அவர்களுடைய உரிமை. ஆனால் அதே பறக்கும் ரயிலுக்காகப் பக்கிங்ஹாம் கால்வாய்க் கரையிலிருந்த குடிசைகளை அகற்ற இப்படி ஆண்டுக்கணக்காகக் காத்திருக்கவில்லை. அம்மக்கள் துரைப்பாக்கம் கண்ணகி நகருக்குக் கொண்டுபோய் விடப்பட்டார்கள். பட்டா உள்ளவரால் ஒரு ரயிலைப் பதினைந்து ஆண்டு நிறுத்திவைக்க முடியும். கால்வாய்க் கரையில் இருந்தவரால் ஒரு வாரம்கூட முடியாது. உசிலம்பட்டிப் பாதையில் இரண்டு தரப்பும் இல்லை. அங்கே யாரும் வழக்குத் தொடுக்கவில்லை, யாரும் குறுக்கே நிற்கவில்லை. அவசரப்படுத்தவும் யாரும் இல்லை என்பதுதான் குறை.

ரயில் இல்லாவிட்டால் என்ன, பேருந்து இருக்கிறதே என்று கேட்பார்கள். இருக்கிறது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. அது இந்த வட்டாரத்துத் தலித் பெண்களுக்குக் கிடைத்த பெரும் ஆதாயம் என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. ஆயினும் தென்மாவட்டங்களில் பேருந்து என்பது வெறும் வாகனம் அன்று. 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் சூட்டப்பட்டபோது, அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று ஆதிக்கச் சாதியினர் மறுத்தார்கள். கலவரம் மூண்டது. தலித் ஒருவரின் பெயரைக் காப்பாற்றும் துணிவில்லாத அரசு, எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் எல்லாக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் எடுத்துவிட்டுச் சமத்துவம் செய்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டது. அதே ஆண்டு ஜூன் 30இல் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவருடன் ஐவரும் கொல்லப்பட்டார்கள். மதுரை ஆட்சியர் அலுவலகத்துக்கு வந்து மனுக் கொடுத்துவிட்டுத் திரும்பிய அவர்கள் வந்தது பேருந்தில். பேருந்தை மறித்துத்தான் வெட்டினார்கள். உத்தப்புரத்தில் 2008 மே 6இல் தீண்டாமைச் சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்ட பிறகும் தீராதிருந்த சச்சரவுகளுள் ஒன்று, தலித் மக்களுக்கான பேருந்து நிழற்குடை. 2011இல் இருதரப்பும் செய்துகொண்ட உடன்பாட்டில் அதற்கும் இடம் ஒதுக்க வேண்டியிருந்தது. வெயிலுக்கு ஒதுங்கும் ஒரு கூரைக்கு ஒப்பந்தம்!

பேருந்து ஊருக்குள் வருகிறது. ஆகவே ஊரின் அதிகாரமும் அதில் ஏறிக்கொள்கிறது. எங்கே நிற்கும், யார் முதலில் ஏறுவார், எந்த இருக்கையில் யார் அமர்வார் என்பதை நடத்துநரைக் காட்டிலும் நிறுத்தத்தில் நிற்பவர்கள் தீர்மானித்த ஊர்கள் இருந்தன. சட்டமும் இதை அறிந்தே இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் சேர்க்கப்பட்ட திருத்தம், பட்டியல் சாதியினர் பொதுப் போக்குவரத்தையும் சாலையையும் பாதையையும் பயன்படுத்த விடாமல் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. பொது இடத்தில் மிதிவண்டி, மோட்டார் வண்டி ஓட்டுவதைத் தடுப்பதும் குற்றம் என்று தனியே சொல்கிறது. இப்படியெல்லாம் நாட்டில் நடக்கிறது என்று நாடாளுமன்றம் ஒப்புக்கொண்டதற்கான ஆவணம் அது.

ரயில்வே சாதியற்ற நிறுவனம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. தண்டவாளத்தில் விழுந்த மலத்தைப் பல தலைமுறைகளாக அள்ளியவர்கள் எந்தச் சாதியினர் என்று அனைவரும் அறிவர். அதை நிறுத்த 2014இல் உச்ச நீதிமன்றம், துப்புரவுத் தொழிலாளர் இயக்கத்தின் வழக்கில், ரயில்வேயைப் பெயர் சொல்லி ஆணையிட வேண்டியிருந்தது. ரயிலில் ஏறிவிட்டால் சாதி கீழே நின்றுவிடும் என்பதும் இல்லை. 1901இல் தந்தையைக் காணச் சென்ற சிறுவன் அம்பேத்கர் மசூர் நிலையத்தில் இறங்கும்வரை எல்லாப் பயணிகளையும் போலத்தான் வந்தார். என்ன சாதி என்று நிலைய அதிகாரிக்குத் தெரிந்த பிறகு மாட்டுவண்டிக்காரர் எவரும் ஏற்ற முன்வரவில்லை. இரட்டைக் கூலி கொடுத்து, பிள்ளைகளே வண்டியை ஓட்டிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. எங்கள் வாதம் இதைவிடச் சிறியது. முன்பதிவற்ற பெட்டியில் பயணச்சீட்டு வாங்கியவர் அமரலாம். அந்த வண்டியை உள்ளூர்ப் பெருந்தனக்காரர் யாரும் கையசைத்து நிறுத்த முடியாது. ஊராட்சித் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட ஒரே காரணத்துக்காகப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 1996 முதல் 2006 வரை தேர்தலை முறையாக நடத்த முடியாமற்போன வட்டாரம் இது. அங்கே இந்தச் சிறிய வேறுபாடு சிறியதன்று.

ரயில் இழப்பு தலித்துகளுக்கு மட்டும் நேர்ந்ததும் அன்று. கைரேகைச் சட்டத்தின் கீழ் இரவில் ஊரைவிட்டு நகர அனுமதிச்சீட்டு வாங்க வேண்டியிருந்த பிறமலைக் கள்ளர்களின் பேரன் பேத்திகளும் மதுரைக்குக் கூலி வேலைக்கு வருகிறார்கள். 1920இல் அந்தச் சட்டத்தை எதிர்த்துப் பெருங்காமநல்லூரில் குண்டடிபட்டு இறந்தவர்களின் ஊர்களும் இந்தப் பாதையின் அருகில்தான் இருக்கின்றன. நடமாடும் உரிமையைப் பற்றி அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இரு தரப்பு ஏழைகளும் ஒரே கோரிக்கையை வைக்கக்கூடிய மிகச் சில விஷயங்களில் இது ஒன்று. அதனாலேயே அரசியல் கட்சிகள் இதில் கை வைக்காமல் இருக்கின்றனவோ என்று நாங்கள் நினைப்பதுண்டு.

சட்டத்தில் இதற்கு இடமுண்டா? சாலை தொடர்பாக ஒரு முன்னுதாரணம் உண்டு. இமாசலப் பிரதேச அரசு எதிர் உமேத் ராம் சர்மா வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம், மலைப்பகுதி மக்களுக்குச் சாலை வசதி என்பது அரசமைப்பின் 21ஆம் உறுப்பு காக்கும் வாழ்வுரிமையின் பகுதி என்று கூறியது. அத்தீர்ப்பை மேற்கோள் காட்டும் பலரும் விட்டுவிடும் செய்தி ஒன்று இருக்கிறது. நீதிமன்றத்துக்கு எழுதியவர்கள் ஏழைகள், பெரும்பாலும் தலித்துகள். தங்கள் ஊர்களுக்கு வர வேண்டிய சாலை வேண்டுமென்றே இடையில் நிறுத்தப்பட்டது என்பதே அவர்களின் புகார். நடமாட்டம் குறித்த இந்தியாவின் முதன்மையான தீர்ப்புகளுள் ஒன்று தலித் மக்களின் கடிதத்திலிருந்து பிறந்தது. அதே தீர்ப்பு ஓர் எல்லையையும் வகுத்தது: நிதி ஒதுக்கீட்டின் முன்னுரிமையை நீதிமன்றம் தன் கையில் எடுத்துக்கொள்ளாது, நிர்வாகத்தைச் செயல்படத் தூண்டவே செய்யும். ஆகவே மூடிக்கிடந்த ஆண்டுகளுக்காக இன்று வழக்குத் தொடுப்பதால் பெரும்பயன் இல்லை. ஆனால் பாதை போட்டாயிற்று, பணமும் செலவாயிற்று. இப்போது எஞ்சியிருப்பது கால அட்டவணை. அதற்கு நிதி முன்னுரிமை என்ற தடை பொருந்தாது.

அந்த அட்டவணையைப் பார்ப்போம். 2022 மே 27 முதல் ஓடிய வண்டி காலை 8.30க்கு மதுரையிலிருந்து புறப்பட்டு 9.35க்குத் தேனி சேர்ந்தது. மாலை 6.15க்குத் தேனியிலிருந்து கிளம்பி 7.35க்கு மதுரை திரும்பியது. இடையில் வடபழஞ்சி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி ஆகிய மூன்றே நிறுத்தங்கள். போடிக்கு நீட்டிக்கப்பட்டபோது நிமிடங்கள் மாறின, திசை மாறவில்லை. சென்னையிலிருந்து வாரம் மூன்று நாள் என்று விடப்பட்ட விரைவு வண்டியும் காலையில் மதுரையைக் கடந்து போடி செல்கிறது. இரவில் போடியிலிருந்து கிளம்புகிறது. அதாவது இந்தப் பாதையின் வண்டிகள் காலையில் மேற்கே போகின்றன, மாலையில் கிழக்கே வருகின்றன.

மக்கள் போவது இதற்கு நேர் எதிர்த் திசையில். கட்டட வேலைக்கும், வீட்டு வேலைக்கும், கடைகளில் மூட்டை தூக்கவும், பெரியாஸ்பத்திரியில் வெளிநோயாளியாகச் சீட்டு வாங்கவும், கல்லூரிக்கும், நீதிமன்றத்துக்கும் காலையில் கிழக்கே வருகிறார்கள். மாலையில் மேற்கே திரும்புகிறார்கள். மதுரையில் வசித்துக்கொண்டு தேனியிலும் போடியிலும் வேலை பார்க்கும் அலுவலருக்கு அட்டவணை அழகாகப் பொருந்துகிறது. அவர்களுக்கும் ரயில் வேண்டும்தான். ஆனால் உசிலம்பட்டியில் ஏறி மதுரை வர விரும்பும் சித்தாளுக்கு இந்த வண்டி இரவு ஏழரை மணிக்கு மதுரையைக் காட்டும். மறுநாள் காலையில் ஊருக்குத் திருப்பி அனுப்பும். நாங்கள் வாதாடும் வழக்கொன்றின் சாட்சி, ஐம்பது வயதைக் கடந்த விவசாயக் கூலிப் பெண், இதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அப்ப நான் முந்தின நாளே வந்து கோர்ட்டு வாசல்ல படுத்துக்கணுமா சார்?" பதில் சொல்ல எங்களிடம் விதி எண் 11தான் இருந்தது.

நிறுத்தங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வடபழஞ்சிக்கும் உசிலம்பட்டிக்கும் இடையே செக்கானூரணி, கருமாத்தூர், வாலாந்தூர் என்று அடுத்தடுத்து ஊர்கள். அங்கெல்லாம் நிற்காத வண்டி வேகத்தைச் சம்பாதிக்கிறது, பயணிகளை இழக்கிறது. கட்டணமும் அப்படியே. பெருந்தொற்றுக்குப் பின் பயணிகள் ரயில்கள் எல்லாம் 'சிறப்பு விரைவு வண்டி' என்று பெயர் மாற்றப்பட்டு, பத்து ரூபாயாக இருந்த குறைந்தபட்சக் கட்டணம் முப்பதாயிற்று. 2024 பிப்ரவரியில்தான் அது பழையபடி குறைக்கப்பட்டது. பதினொரு ஆண்டுகள் ரயில் இல்லாதிருந்த மக்களுக்கு, ரயில் திரும்பி வந்த முதல் இரண்டு ஆண்டுகள் மும்மடங்குக் கட்டணத்தில் கழிந்தன. பிறகு, வண்டியில் கூட்டம் இல்லை, கூடுதல் சேவைக்குத் தேவை இல்லை என்று கணக்குக் காட்டுவது எளிது.

மக்கள்தொகைக் கணக்கும் இதே போன்றதுதான். திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடை வரை, நகரின் குறுக்கே சுமார் 32 கி.மீ. மெட்ரோ ரயில் அமைக்கும் திட்டத்தை ஒன்றிய அரசு 2025 நவம்பரில் திருப்பியனுப்பியது. 2017ஆம் ஆண்டின் மெட்ரோ கொள்கைப்படி நகருக்கு 20 லட்சம் மக்கள் வேண்டும், 2011 கணக்கெடுப்பின்படி மதுரைக்கு அது இல்லை என்பது சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. அதே கணக்கெடுப்பில் 20 லட்சத்தை எட்டாத ஆக்ராவுக்கும் போபாலுக்கும் மெட்ரோ கிடைத்தது என்ற எதிர்வாதத்தைத் தமிழ்நாட்டு அரசு எழுப்பியது, அது நியாயமானதே. எங்களுக்கு உறுத்துவது இன்னொன்று. 2011இல் மதுரை நகரத் திரட்சியின் மக்கள்தொகை 14.65 லட்சம், மாவட்டத்தின் மக்கள்தொகை 30 லட்சத்துக்கு மேல். பகலில் நகருக்குள் உழைத்து இரவில் நகர எல்லைக்கு வெளியே உறங்குபவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது? நகரில் வாடகை கொடுக்க இயலாததாலும், சாதி கேட்டு வீடு மறுக்கப்படுவதாலும் வெளியே இருப்பவர்கள் அவர்கள். வெளியே இருப்பதாலேயே நகரின் ரயிலுக்குத் தகுதியற்ற எண்ணிக்கையாகவும் ஆகிவிடுகிறார்கள்.

மெட்ரோ வரட்டும், வந்தால், மதுரை சந்திப்பில் இறங்கும் உசிலம்பட்டிக்காரர் மாட்டுத்தாவணிக்கோ உயர் நீதிமன்றக் கிளைக்கோ இரண்டு பேருந்து மாறாமல் போகலாம். ஆனால் பதினோராயிரம் கோடிக்கு மேற்பட்ட அந்த வாதத்தின் இரைச்சலில், ஏற்கெனவே போட்டுக்கிடக்கும் தண்டவாளம் மறக்கப்படுகிறது. மதுரை சந்திப்பிலிருந்து நான்கு பாதைகள் பிரிகின்றன: வடக்கே கூடல்நகர், சமயநல்லூர், சோழவந்தான் வழியாகத் திண்டுக்கல், தெற்கே திருப்பரங்குன்றம், திருமங்கலம் வழியாக விருதுநகர், தென்கிழக்கே சிலைமான் வழியாக ராமேசுவரம், மேற்கே போடி. நான்கும் அகலப் பாதைகள். திருமங்கலம் வரை இரட்டைப் பாதையும் வந்துவிட்டது. சென்னைக்கு வெளியே இவ்வளவு பொருத்தமான புறநகர் ரயில் அமைப்பு தமிழ்நாட்டில் அரிது. ஆனாலும் உசிலம்பட்டியிலிருந்து சந்திப்பு வழியாகச் சிலைமானுக்கோ திருமங்கலத்துக்கோ காலையில் ஒரே வண்டியில் போக வழியில்லை. மேலூர் பக்கமோ தண்டவாளமே இல்லை. முருகேசன் வந்த சாலைதான் இன்றும் மேலவளவுக்கு வழி.

காலை வண்டிக்கு ரயில்வே தரப்பில் என்ன மறுமொழி வரும் என்பதை நாங்கள் ஊகிக்க முடியும். பெட்டிகளைப் பராமரிக்கும் பணிமனை மதுரையில் இருக்கிறது, ஆகவே வண்டி மதுரையில் தொடங்கி மதுரையில் முடிவது வசதி என்பார்கள். நிர்வாகத்துக்கு அது வசதிதான். மாலை ஆறரைக்கு மேல் மதுரையிலிருந்து ஒரு வண்டி கிளம்பி, வேலை முடித்துத் திரும்புபவர்களை இறக்கிவிட்டுக்கொண்டே போடி சேர்ந்து, இரவு அங்கே நின்று, விடியற்காலை ஐந்து மணியளவில் புறப்பட்டு எட்டுக்குள் மதுரை வந்தால், பகல் முழுவதும் பராமரிப்புக்கு நேரம் கிடைக்கும். ஓட்டுநருக்கும் வண்டி மேலாளருக்கும் போடியில் ஓய்வறை வேண்டும். நாட்டின் எத்தனையோ கடைக்கோடி நிலையங்களில் இப்படித்தான் நடக்கிறது.

இந்தக் கோரிக்கையை எங்கே வைப்பது என்பதிலும் சிக்கல் உண்டு. கோட்ட ரயில் பயனீட்டாளர் ஆலோசனைக் குழுவில் வணிகர் சங்கங்களுக்கும் தொழில் அமைப்புகளுக்கும் பயணிகள் சங்கங்களுக்கும் இடமுண்டு. விரைவு வண்டிகளின் நிறுத்தம், குளிர்சாதனப் பெட்டி, சென்னைக்கும் பெங்களூருக்கும் கூடுதல் சேவை ஆகியவை அங்கே தவறாமல் ஒலிக்கும். சித்தாளின் காலை வண்டியை அங்கே பேசுபவர் குறைவு. எனவே நாங்கள் இருவழியில் போகிறோம். உசிலம்பட்டி, செக்கானூரணி, ஆண்டிபட்டி வட்டாரக் குடியிருப்புகளில் யார் எந்த நேரத்துக்கு எங்கே வேலைக்குப் போகிறார்கள் என்பதை எழுதி வாங்கி, கோட்ட மேலாளருக்கும் மதுரை, தேனி நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் மனுவாகக் கொடுப்பது ஒன்று. இந்தப் பாதையின் நேரமும் நிறுத்தங்களும் எந்தத் தேவைக் கணக்கின் அடிப்படையில் முடிவாயின என்பதற்கான கோப்புகளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்பது மற்றொன்று. கணக்கு எடுக்கப்படவில்லை என்று பதில் வந்தால், உமேத் ராம் சர்மா தீர்ப்போடு உயர் நீதிமன்றக் கிளைக்குச் செல்ல அதுவே போதுமான ஆவணம். அந்தக் கிளை இருப்பது ஒத்தக்கடைப் பக்கம். மனுதாரர்கள் உசிலம்பட்டியிலிருந்து பேருந்தில் வர வேண்டும்; முதல் விசாரணைக்கு விடியுமுன் கிளம்பச் சொல்லியிருக்கிறோம்.